சுக்கான் பிடித்த கையும் மூன்று சக்கர வண்டியும்

ஒருவருக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? அரசாங்கம் கொடுக்கும் அட்டையை வைத்தா, ஆபத்து வரும்போது அவர் கை செய்வதை வைத்தா? சார்ஜாவில் வாழ்ந்த செல்வசிங் பல ஆண்டுகள் இந்தக் கேள்வியைத் தோளில் சுமந்துகொண்டு திரிந்தார். அவரைத் தெரிந்தவர்கள் யாரும் அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அமீரகத்தில் ஓட்டுநர் தேர்வில் தோற்பது பெரிய வெட்கமில்லை. ஒரே காரில் நான்கைந்து பேரை ஏற்றிக்கொண்டு போலீஸ்காரர் முன்னால் உட்காருவார். ஒருவர் ஓட்ட, மற்றவர்கள் பின்னால் நெருக்கிக்கொண்டு தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள். போலீஸ்காரர் "கலாஸ்" என்றால் முடிந்தது, இறங்கி அடுத்தவருக்கு இடம் விட வேண்டியதுதான். முதல் தடவையே தேறியவரை ஊரே அதிசயமாகப் பார்க்கும். ஆனால் செல்வசிங் தோற்ற தடவைகளை யாரும் சரியாகச் சொல்ல முடியாது. அவர் வேலை பார்த்த பட்டறையில் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தார்கள். அவரும் எண்ணுவதை விட்டிருந்தார்.

தோல்வி எப்போதும் ஒரே மாதிரி வந்தது. காலி சாலையில் அவர் நன்றாகவே ஓட்டுவார். பக்கத்துத் தடத்திலிருந்து ஒரு வண்டி திடீரென்று குறுக்கே நுழைந்தாலோ, போலீஸ்காரர் "யமீன், யமீன்" என்று வலப்பக்கம் காட்டி அவசரப்படுத்தினாலோ, அவர் கை எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். பயிற்சி கொடுத்த பாகிஸ்தான் பட்டாணி ஆசிரியர் ஒவ்வொரு முறையும் தலையில் கை வைத்துக்கொண்டு, "அரே பாய், உல்ட்டா கியோன்?" என்று கேட்பார். ஏன் தலைகீழாகத் திருப்புகிறாய் என்று. அது செல்வசிங்குக்கே தெரியாது.

பதில் குளச்சல் பக்கத்துக் கடலில் இருந்தது. மீசை அரும்பும் முன்பே அவர் வள்ளத்தின் பின்பக்கம் உட்கார்ந்து வெளி இன்ஜினின் கைப்பிடியைப் பிடித்தவர். அந்தக் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் வள்ளம் வலப்பக்கம் போகும், வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் போகும். பாறைக்கும் அலைக்கும் நடுவே அதை யோசித்துச் செய்ய நேரம் கிடையாது. யோசிக்காமல் செய்யக் கை பழகியிருந்தது. அப்படிப் பழகிய கைக்குப் பிறகு வேறு பாடம் சொல்லிக் கொடுப்பது எளிதில்லை. அமைதியான நேரத்தில் மனம் ஓட்டும். பதறும் நேரத்தில் கை ஓட்டும்.

அவர் மனைவி இன்பமணி பர் துபாயில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். இரண்டாவது முயற்சியிலேயே லைசென்ஸ் வாங்கியவர். காலையில் பழைய சன்னி காரில் செல்வசிங்கைப் பட்டறை பஸ் வரும் இடத்தில் இறக்கிவிட்டு, துபாய் நெரிசலுக்குள் போவார். பஸ்ஸில் ஏறியதும் யாராவது ஒருவர், "என்ன செல்வசிங்கு, இன்னைக்கும் டிரைவர் மேடம் கொண்டுவந்து விட்டுச்சா?" என்று தொடங்கிவைப்பார்கள். செல்வசிங் அடக்கமான ஆள் அல்ல. வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். "ஒனக்க வீட்டுக்காரி ஒன்ன எங்கயாவது கொண்டுவிட்டா நான் கோயில்ல மெழுகுதிரி கத்திக்கேன்லே" என்பார். ஆனால் முகம் சுண்டிப்போவதை மறைக்கத் தெரியாது.

பட்டறை, அல் தைத் போகும் சாலையோரம் ஒரு பெரிய தோட்டத்துக்குள் இருந்தது. தோட்டத்தின் சொந்தக்காரரை வேலைக்காரர்கள் எல்லோரும் அர்பாப், அதாவது முதலாளி, என்றே அழைத்தார்கள். பழைய கார்கள்மேல் பித்துக் கொண்டவர். படகு இன்ஜின் பார்க்க வந்த செல்வசிங்கை அவர்தான் கார்களின் பக்கம் மாற்றினார். சொந்தமாக ஒரு காட்சிக்கூடம் கட்டி, 2006-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அதைத் திறந்துவைக்கத் தீர்மானித்திருந்தார். திறப்பு நாளில், தோட்டத்து வாசலிலிருந்து காட்சிக்கூடம் வரை எல்லாக் கார்களும் ஊர்வலமாகப் போகவேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், தன் சொந்த பலத்தில், மிகப் பழைய வண்டி.

அந்த வண்டி பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற வேளையில் பிரான்சில் ஏதோ ஒரு சிறு பட்டறையில் செய்யப்பட்டது. அழகான வண்டி என்று சொல்ல முடியாது. குதிரையை அவிழ்த்துவிட்ட ஜட்கா தன்பாட்டுக்கு நின்றதுபோல் இருக்கும். பின்னால் இரண்டு பெரிய சக்கரங்கள், முன்னால் ஒரு சிறிய சக்கரம். இருக்கைக்கு அடியில் ஒற்றை சிலிண்டர் இன்ஜின். அதைக் கிளப்ப, பின்னால் படுத்துக் கிடக்கும் பெரிய இரும்புச் சக்கரத்தைக் கையால் சுழற்ற வேண்டும். உள்ளே எரிபொருளைப் பற்றவைக்க ஒரு சிறு குழாயை விளக்குச் சுடரில் பழுக்கக் காய்ச்ச வேண்டும். இன்ஜினைக் குளிர்விக்கத் தொட்டியில் ஊற்றும் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். ஊற்ற மறந்தால் இன்ஜின் இறுகிவிடும். பிரேக் என்பது சக்கரத்தில் போய் அழுந்தும் தோல் சுற்றிய ஒரு மரக்கட்டை. அழுத்தினால் வண்டி யோசித்துவிட்டுத்தான் நிற்கும். முழு வேகம் என்பது ஆள் ஓடும் வேகம்.

ஸ்டீயரிங் வட்டம் அதில் இல்லை. காருக்கு வட்டம்தான் வேண்டும் என்று அப்போது உலகம் முடிவு செய்திருக்கவில்லை. வண்டி செய்தவர்களில் சிலர் சைக்கிள் செய்தவர்கள், சிலர் குதிரை வண்டி செய்தவர்கள். தங்கள் கைக்குத் தெரிந்ததை வண்டியில் பொருத்தினார்கள். ஓட்டக் கற்றுக்கொடுக்க யாரும் இல்லை, தேர்வு வைக்கவும் ஆள் இல்லை. ஏனென்றால் ஓட்டத் தெரிந்த ஒருவரும் உலகத்தில் இல்லை. முதலில் ஓட்டியவர்கள் எல்லோரும் தெரியாமல் ஓட்டியவர்கள்தான். இந்த வண்டியில் முன்சக்கரத்துத் தண்டின் தலையிலிருந்து ஓட்டுபவரின் மடிவரை ஒரு நீண்ட இரும்புக் கைப்பிடி வந்தது. அவ்வளவுதான்.

துருப்பிடித்துக் கிடந்த அந்த வண்டியை எழுப்பியவர் ஒரு ஜெர்மன்காரர். பழைய இன்ஜின்களில் ஆழ்ந்தவர், பொறுமைசாலி, யாரையும் மட்டம் தட்டாதவர். இரண்டு ஆண்டுகளாகக் குளிர்காலத்தில் வந்து போனார். செல்வசிங் அவருக்குக் கையாளாக நின்று துருவைத் தேய்த்தார், செயினைச் செய்வித்தார், குழாயைக் காய்ச்சினார். இருக்கைக்குத் தோல் தைத்தவர் புதுக்கோட்டைப் பக்கத்து ரெங்கராஜ். இன்ஜின் முதன்முதலில் "டப்... டப்..." என்று தொண்டையைக் கனைத்தபோது மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

ஊர்வலத்தில் ஓட்ட வேண்டியவர் அந்த ஜெர்மன்காரர்தான். திறப்பு விழாவுக்குச் சில நாட்கள் முன்பு, இன்ஜினைக் கிளப்பும் இரும்புச் சக்கரத்தைச் சுழற்றும்போது அவர் தோள் பிசகிக்கொண்டது. கைக்குக் கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டார் மருத்துவர். அர்பாப் தலைமை டிரைவர் கௌஸ் முகம்மதைக் கூப்பிட்டார்.

கௌஸ் முகம்மது கீழக்கரைக்காரர். ஜெபல் அலியிலிருந்து மஸ்கட்வரை டிரெயிலர் ஓட்டியவர், ஒரு கீறல் இல்லாதவர், அதைச் சொல்லத் தயங்காதவர். மூன்று சக்கரத்தைச் சுற்றிவந்து, "இது என்னாப்பா, ஐஸ் வண்டி மாதிரி இருக்கு? இத ஓட்டவா என்னைய கூப்புட்டீங்க?" என்றார். ஏறி உட்கார்ந்தார். ரெங்கராஜ் இரும்புச் சக்கரத்தைச் சுழற்ற, வண்டி புறப்பட்டது. முற்றத்தின் வளைவில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். கௌஸ் முகம்மது கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினார். வண்டி வலப்பக்கம் போய் ஒரு பேரீச்ச மரத்தை முட்டி நின்றது.

"ஷைத்தான்!" என்றார்.

மறுபடி முயன்றார். இந்தத் தடவை பாதி வழி சரியாகப் போனார். குறுக்கே ஒரு பூனை ஓடியதும் கை பழைய பழக்கத்துக்குத் திரும்ப, வண்டி தண்ணீர் லாரியின் பக்கவாட்டை உரசியது. பக்க விளக்கு வளைந்துபோனது. அடுத்த டிரைவரும் அதையேதான் செய்தார். தவறு அவர்களுடையது அல்ல. சக்கரத்துத் தண்டு முன்னால் இருக்கிறது, கைப்பிடி பின்னோக்கி வருகிறது. பிடியை இடப்பக்கம் தள்ளினால் சக்கரத்தின் முகம் வலப்பக்கம்தான் திரும்பும். வள்ளம் போல.

ஓரமாக நின்ற செல்வசிங் இதைப் பார்த்தார். முதலில் சிரிப்பு வந்தது, வாய்விட்டே சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோனது. தன் வலது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அர்பாப் பொறுமை இழந்திருந்தார். "கலாஸ். ரஸ்ஸி பாந்தோ" என்றார். கயிறு கட்டுங்கள். வண்டிக்கு முன்னால் ஆட்கள் நின்று இழுத்துக்கொண்டு போகட்டும்.

அந்தச் சொல் செல்வசிங்கைச் சுட்டது. கயிற்றில் கட்டி இழுப்பது கரைக்கு ஏற்றும் வள்ளத்தை, அல்லது செத்த மாட்டை. நடக்கத் தெரிந்த ஒன்றை இழுப்பார்களா? ஓரடி முன்னால் வந்து, "அர்பாப், மெய் சலாயேகா" என்றார். நான் ஓட்டுகிறேன்.

பட்டறையே திரும்பிப் பார்த்தது. ரெங்கராஜ் மெதுவாக, "அண்ணே, வேணாண்ணே" என்றார்.

"லைசென்ஸ்?" என்று கேட்டார் அர்பாப்.

"மாஃபி." இல்லை.

சிரிப்பு வெடித்தது. கௌஸ் முகம்மது, "அர்பாப், டெஸ்ட்ல இவன் ஏறுன காரெல்லாம் இப்ப இவனக் கண்டா தானா கதவ மூடிக்கிதாம்" என்று இந்தியில் சொல்ல, அர்பாபும் சிரித்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். "இதற்கும் நம்பர் பிளேட் மாஃபி" என்றார். இருவருக்கும் பொருத்தம்தான் என்பதுபோலக் கையை விரித்தார். "மதிலுக்குள்ளே யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். ஆனால் செல்வ், இனி ஒரு அடி பட்டால் நீ ஊருக்கு."

அது விளையாட்டுப் பேச்சு அல்ல என்று எல்லோருக்கும் தெரியும். விசா அவர் கையில்.

செல்வசிங் ஏறி உட்கார்ந்தார். கைப்பிடியைப் பிடித்ததும் உடம்பு தானாகக் கொஞ்சம் சாய்ந்தது, வள்ளத்தில் சாய்வது போல. முற்றத்தை ஒருமுறை சுற்றி வந்தார். பேரீச்ச மரத்தைச் சுற்றினார். தண்ணீர் லாரியைச் சுற்றினார். எங்கும் இடிக்கவில்லை. யாரும் கைதட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. "காலி முற்றத்துல யாரும் ஓட்டலாம்" என்றார் கௌஸ் முகம்மது. அதில் உண்மை இருந்தது. செல்வசிங்கின் கை காலி இடத்தில் ஒருநாளும் தவறியதில்லையே.

அன்று மாலை காரில் இன்பமணியிடம் சொன்னார்.

"ஏங்க, ஒங்களுக்கு கிறுக்கு புடிச்சிருக்கா? ஒரு கீறல் விழுந்தா விசா போவும்லா. பிள்ளைக்க பள்ளிக்கூடம் என்ன ஆவும்?"

"கயிறு கெட்டி இழுக்கப் போறானுவ, மணி. ரெண்டு வருசமா நான் அதுக்க பல்லு பல்லா தேச்சு வச்சிருக்கேன். கயிறு கெட்டி!"

"அதுக்கு? அடுத்த வாரம் ஒங்களுக்கு டெஸ்ட் இருக்கு. ஒழுங்கா அதுக்குப் படியுங்க."

"இதும் டெஸ்ட்டுதான்."

பின்னால் இருந்த மகள் சுபிஷா, "டாடி, அது ஸ்லோ கார்தானே? இடிக்கப் போச்சுன்னா ஜம்ப் பண்ணிடுங்க" என்றாள். இன்பமணி சிரிப்பை அடக்கிக்கொண்டு கியர் மாற்றினார்.  வீட்டு வாசலில் இறங்கும்போது, "நாங்களும் வருவோம். நீங்க இடிக்கதை மத்தவங்க சொல்லி நான் கேக்கப்படாது" என்றார்.

திறப்பு நாள் வந்தது. தோட்டத்துச் சாலையின் வலப்பக்கம் விருந்தினர்களுக்கு வரிசையாக நாற்காலிகள். வெள்ளை உடையில் பெரிய மனிதர்கள், குடும்பங்கள், கேமராக்காரர்கள். இடப்பக்கம் மேளக்காரர்களும் அலங்கரித்த ஒட்டகங்களும். வேலைக்காரர்களின் குடும்பங்களைக் காட்சிக்கூடத்துப் படிக்கட்டருகே நிறுத்தியிருந்தார்கள். இன்பமணி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து சுடரைப் பார்க்கவும் தண்ணீர் ஊற்றவும் ஓர் ஆள் வேண்டும். "நான் முன்னாடி நடந்து போறேண்ணே, எனக்கு அதான் பாதுகாப்பு" என்றார் ரெங்கராஜ். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் இப்படிப்பட்ட வண்டிகளுக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து போக வேண்டும் என்று சட்டமே இருந்தது, ரெங்கராஜுக்கு அது தெரியாது. செல்வசிங் முறைத்ததும் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். ஜெர்மன்காரர் நல்ல கையால் குழாயின் சூட்டைச் சரிபார்த்துவிட்டு, செல்வசிங்கின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். இரும்புச் சக்கரத்தைச் சுழற்றியவர், யாரும் எதிர்பார்க்காமல், கௌஸ் முகம்மது. "உன் வாயிக்காக இல்ல, வண்டிக்காக" என்றார்.

இன்ஜின் கனைத்தது, இருமியது, பிடித்துக்கொண்டது. வண்டி நடுங்கிக்கொண்டே வாசலைத் தாண்டியது. அதன் நடுக்கம் உட்கார்ந்தவரின் பல்லுக்குள் வரை போகும். இருக்கைக்கு அடியிலிருந்து ஆவி எழுந்தது. பெட்ரோலும் சூடான எண்ணெயும் புதுத் தோலும் கலந்த வாசனை. பின்னால் பளபளக்கும் பெரிய கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக, இந்த நடை வேகத்துக்குத் தங்களை அடக்கிக்கொண்டு ஊர்ந்தன.

"அண்ணே, தண்ணி கொதிக்குது."

"ஊத்து."

"ஊத்துறேன். இதுக்கு இருக்கிற தாகத்துக்கு ஒரு குடம் பத்தாதுண்ணே."

பாதித் தூரம் அப்படியே போனது. செல்வசிங் நாற்காலிகளின் பக்கம் பார்க்கவே இல்லை. வள்ளத்தில் கரையைப் பார்ப்பதுபோலத் தூரத்துப் படிக்கட்டை மட்டும் பார்த்தார்.

அப்போது இன்ஜின் வெடி போட்டதுபோல் ஒரு பெரிய 'டப்' விட்டது. இடப்பக்கத்து வரிசையில் நின்ற இளம் ஒட்டகம் மிரண்டு கயிற்றை உருவிக்கொண்டு சாலைக்குள் பாய்ந்தது. நடுச்சாலையில், வண்டிக்கு நேராக வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டது. வலப்பக்கம் போனால் நாற்காலிகள், அவற்றில் மனிதர்கள். பிரேக் கட்டையை நம்பி நிறுத்த இடமில்லை. ஒட்டகத்தின் வாலுக்குப் பின்னால், இடப்பக்கம், ஒரு வண்டி போகிற இடைவெளி இருந்தது.

யோசிக்க நேரமில்லை. செல்வசிங்கின் கை கைப்பிடியை வலப்பக்கம் தள்ளியது.

பக்கவாட்டில் ஓடிவந்துகொண்டிருந்த கௌஸ் முகம்மது அந்தக் கையைப் பார்த்தார். நாற்காலிகளை நோக்கிப் போகும் கை. முப்பது வருடம் வட்டம் பிடித்த அவருடைய உடம்பு அதை ஒரே விதமாகத்தான் படித்தது. கண்ணை மூடிக்கொண்டார். படிக்கட்டில் இன்பமணியும் அதையே பார்த்தார். அவர் கண்ணை மூடவில்லை, மகளின் தோளை அழுத்தினார். "மம்மி, வலிக்குது" என்றாள் சுபிஷா.

முன்சக்கரம் இடப்பக்கம் திரும்பியது. வண்டி ஒற்றைக் காலைத் தூக்குவதுபோல் ஒரு பக்கம் எழும்பியது. ரெங்கராஜின் குடத்துத் தண்ணீர் முழுவதும் ஒட்டகத்தின் பின்னங்காலில் கொட்டியது. வால் செல்வசிங்கின் காதில் உரச, வண்டி இடைவெளிக்குள் புகுந்து, மேளக்காரர்களின் கால்விரலுக்கு முன்னால் வளைந்து, மறுபடி நடுச்சாலைக்கு வந்தது. அலையின் தோளில் ஏறி இறங்கும் வள்ளம் அப்படித்தான் வரும். பார்த்தவர்களில் அதை அறிந்தவர் யாரும் இல்லை. ஆனால் ஒரு வேலை சரியாகச் செய்யப்படும்போது, அதைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கும் அது தெரிந்துவிடுகிறது. நாற்காலிகள் எழுந்தன. கைதட்டல் வாசலிலிருந்து படிக்கட்டு வரை ஓடியது. மேளக்காரர்கள் வேறு தாளத்துக்கு மாறி வெறிகொண்டதுபோல் அடித்தார்கள்.

"அண்ணே, தண்ணி இல்லண்ணே!" என்று அலறினார் ரெங்கராஜ்.

"இருக்கது போதும்லே! கரை வந்தாச்சு!"

ஆவி பறக்க, நடுங்கிக்கொண்டே, கயிறு இல்லாமல், வண்டி படிக்கட்டின் முன்னால் வந்து நின்றது. அர்பாப் தானே இறங்கி வந்து செல்வசிங்கின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "ஸைன்! வல்லாஹி, ஸைன்!" என்றார். அருமை, ஆண்டவன்மேல் ஆணையாக அருமை. ஜெர்மன்காரர் கட்டுப்போட்ட கையையும் சேர்த்துத் தட்டப்போய், வலியில் முகம் சுளித்துக்கொண்டே சிரித்தார். கௌஸ் முகம்மது மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்தார். "நீ அந்தப் பக்கந்தானப்பா தள்ளுன? நான் பாத்தேன். அந்தப் பக்கந்தான் தள்ளுன?"

"ஆமா பாய்."

 கௌஸ் முகம்மது தன் வாழ்நாளில் யாருக்கும் செய்யாத ஒன்றைச் செய்தார். தன் தலைமை டிரைவர் தொப்பியைக் கழற்றி செல்வசிங்கின் தலையில் கவிழ்த்தார். அது அவருக்குப் பெரிதாக இருந்தது, காதுவரை இறங்கியது. சுபிஷா, "டாடி, யூ ஆர் த பெஸ்ட் டிரைவர்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். இன்பமணி நிதானமாக இறங்கி வந்தார். வண்டியைச் சுற்றி வந்து ஒரு கீறலாவது இருக்கிறதா என்று பார்த்தார். "ஒட்டகத்துக்க முடி ஒட்டிக்கிட்டு இருக்கு. தொடைங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்ததை செல்வசிங் பார்த்தார், சட்டைக் கையால் முடியைத் துடைத்தார்.

ஒரு வெற்றியைப் பெரிதாகச் சொல்வதற்கு முன் அது எவ்வளவு தூரம் நடந்தது என்று கேட்பது நல்லது. இது ஒரு தோட்டத்து வாசலிலிருந்து ஒரு படிக்கட்டு வரை. ஆனால் அந்தத் தூரத்தில், பல ஆண்டுகளாகத் தலைகீழ் என்று பெயர் வாங்கிய ஒரு கை நேராக இருந்தது. கை மாறவில்லை. அதற்கு ஏற்ற வண்டி வந்து சேர நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் பிடித்தன, அவ்வளவுதான்.

அதன்பின் பட்டறை பஸ்ஸில் யாரும் டிரைவர் மேடத்தைப் பற்றிப் பேசவில்லை. அபுதாபியில் ஒரு கண்காட்சித் திடலிலும், பிறகு குவைத்திலும் அந்த வண்டியைச் செல்வசிங்தான் ஓட்டினார். வேறு யாரையும் அர்பாப் அதில் ஏற விடவில்லை.

அதற்கெல்லாம் முன்பு, விழா முடிந்த அடுத்த வாரம், ஏற்கெனவே குறித்திருந்த உரிமத் தேர்வு வந்தது. இந்தத் தடவை தேறிவிடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். கையின் ரகசியம் இப்போது தெரிந்துவிட்டதே, கவனமாக இருந்தால் போதும். கௌஸ் முகம்மது ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் தன் காரில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்திருந்தார். பதறும்போதும் செல்வசிங்கின் கை சரியாகத் திரும்பத் தொடங்கியிருந்தது. ஆனால் அதே வாரம் முற்றத்தில் மூன்று சக்கர வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபோது, எந்தப் பக்கம் தள்ளுவது என்று அந்தக் கை முதன்முறையாக ஒரு கணம் தயங்கியது.

அன்று காலை தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு காரில் ஏறினார். இன்பமணி ஓட்டினார். ரவுண்டானாவைத் தாண்டி, தேர்வு மையத்தின் வாசல் தெரிந்தது. உள்ளே போகும் வரிசையில் கார்கள் நின்றன. இன்பமணி இண்டிகேட்டர் போட்டார்.

"நேரா போ" என்றார் செல்வசிங்.

"என்னது?"

"நேரா போ, மணி. மீன் மார்க்கெட்டுக்கு. நல்ல நெய்மீன் வந்திருக்கும்."

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. இன்பமணி அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தார். இண்டிகேட்டரை அணைத்துவிட்டு நேராக ஓட்டினார். செல்வசிங் அதற்குப் பிறகு எந்தத் தேர்வுக்கும் போகவில்லை. ஏன் என்று மனைவி கேட்டார், கௌஸ் முகம்மது சண்டை போட்டே கேட்டார், மகள் வளர்ந்து தான் லைசென்ஸ் வாங்கியபோது கேட்டாள். அவர் யாருக்கும் சொல்லவில்லை.